குதிகாலுக்கு ஓவர்டைம்

என் மனைவியிடம் நான் சொன்ன பொய்களில் பெரும்பாலானவை ஷிப்மென்ட் சம்பந்தப்பட்டவை. திருப்பூரில் குடும்பம் நடத்தும் ஆண்களுக்கு அது ஒரு வசதி. மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குப் போகப் பிடிக்கவில்லையா, ஷிப்மென்ட். மகள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டமா, ஷிப்மென்ட். பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருப்பவன் சரக்கு நாளைக்குப் போயாக வேண்டும் என்று சொல்லிவிட்டால் எதிர்க்கேள்வி கிடையாது. தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணத்தையும் நான் அப்படித்தான் இருபத்திரண்டு வருஷமாகத் தட்டிக்கழித்து வந்தேன்.

அவள் வருஷம் தவறாமல் போவாள். எங்கள் தெருவிலிருந்து ஒரு கூட்டம் கிளம்பும். பச்சைச் சேலை, தோளில் ஒரு பை, வெறுங்கால், தாராபுரம் வழியாக மூன்று நாள் நடை. பின்னாலேயே சமையல் சாமான்களோடு ஒரு டெம்போ வரும். நான் தெருமுனை வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு, திரும்பி வந்து நிம்மதியாகத் தூங்குவேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் விழுந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அப்போது அவள் ஒரு வேண்டுதல் வைத்துவிட்டாள். நான் பிழைத்து எழுந்தால், அவளோடு பழனிக்கு நடப்பேனாம். என் கால்களை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், முருகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். பிழைத்து எழுந்தேன். அந்தத் தைப்பூசத்துக்கு ஷிப்மென்ட் என்றேன்.

போன தீபாவளி முடிந்த பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வழக்கமாக ஐப்பசியிலேயே ஆரம்பித்துவிடுவாள். கார்த்திகை பிறந்தும் ஒரு சத்தமும் இல்லை. அவள் கேட்டு நான் மறுப்பது எனக்குப் பழகிப்போன விஷயம். கேட்காமல் இருந்ததுதான் பயமாக இருந்தது. இந்த முறையும் போகாவிட்டால் இவள் இனி என்னிடம் எதையும் கேட்க மாட்டாள் என்று உள்ளுக்குள் பட்டது. ஒரு ராத்திரி சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "இந்த வருசம் நானும் வர்றேன்" என்றேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள். அவ்வளவுதான். ஆனால் மறுநாள் காலையில் எனக்கு மட்டும் நெய் தோசை வந்தது.

ஐம்பத்து மூன்று வயது ஆள் எண்பது கிலோமீட்டர் நடப்பதற்குப் பயிற்சி வேண்டாமா? அடுத்த நாளே விடியற்காலையில் வெறுங்காலோடு கிளம்பினேன். முதல் நாளே எட்டு கிலோமீட்டர். ஆர்வக் கோளாறு. எங்கள் ஏரியா நெருப்பெரிச்சல் ரோட்டில் நாய்கள்கூட என்னைப் பரிதாபமாகப் பார்த்தன. மூன்றாவது வாரம் ஒரு காலையில் கட்டிலைவிட்டு இறங்கிக் காலைத் தரையில் வைத்தேன். வலது குதிகாலுக்கு மேலே, பின்பக்கம், யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி சுரீர் என்றது. பத்து அடி நொண்டினேன். பிறகு சரியாகிவிட்டது. சாயங்காலம் திரும்பி வந்தது. ஒரு வாரத்தில் படி இறங்குவதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

வீட்டில் சொன்னேன். அவள் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை.

"போன வருசம் ஷிப்மென்ட்டு. இந்த வருசம் குதிகாலுங்களா?"

"நெசமாலுமே நோவுது."

"நோவுங்க, நோவுங்க. ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணலாமா." சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அவளும் பனியன் கம்பெனிதான், வேறு கம்பெனி. பதினெட்டு வருஷமாகச் செக்கிங். மேசை முன்னால் நின்றபடியே தைத்து வருகிற சரக்கில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்துப் பிரிக்கிற வேலை. குறை கண்டுபிடிப்பதில் கைதேர்ந்தவளிடம் போய் நான் என் குதிகாலைக் காட்டினேன். புளுகனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியாது. ஜென்மத்திலேயே முதல் முறையாக உண்மையைச் சொல்கிறேன், அது செல்லுபடியாகவில்லை.

கம்பெனியில் நான் நொண்டுவதை முதலில் கண்டவர் கட்டிங் மாஸ்டர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். துணி வெட்டுவதைத் தவிர உலகத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் வைத்தியம் தெரிந்தவர்.

"எருக்கலைய சூடான செங்கல்லு மேல வெச்சு மிதிக்கோணுங்க. ஒரே வாரம். ஓடீரும்" என்றார்.

"கம்பெனியில செங்கல்லுக்கு எங்க போறது மாஸ்டர்?"

அவர் யோசித்தார். பிறகு என்னை அயர்னிங் செக்‌ஷனுக்குக் கூட்டிப் போனார். நான்கு மடிப்பாக மடித்த பனியன் துணியை நீராவி இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பது, சூடு ஆறுவதற்குள் என் குதிகாலில் சுற்றுவது, இதுதான் திட்டம். என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, கால்சட்டையை மடித்துவிட்டு, அயர்ன் மாஸ்டரிடம் "காட்டன் சூட்டுல வைங்க, பாலியெஸ்டர் சூடு பத்தாது" என்று உத்தரவு போட்டார். எருக்க இலைக்குப் பதில் வேப்பிலை கிடைத்தது. மூன்று நாள் இப்படி என் காலுக்கு இஸ்திரி நடந்தது. சுகமாகத்தான் இருந்தது. நான்காவது நாள் வலி அப்படியே இருந்தது, தோல் மட்டும் சிவந்திருந்தது. "ஒரு சுருக்கமும் இல்லீங்க பாருங்க" என்றார் மாஸ்டர் பெருமையாக.

கடைசியில் பிசியோதெரபி பார்க்கிற இடத்துக்குப் போனேன். பிசியோ இருபத்தேழு இருபத்தெட்டு வயதுப் பெண். திருநெல்வேலிப் பக்கம். அப்பா அம்மா இங்கே பனியன் வேலைக்கு வந்து, இவளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். நான் நடந்த கதையைக் கேட்டுவிட்டு, என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி, கட்டைவிரலால் குதிகாலுக்கு மேலே ஒரே அழுத்து. நான் தலையணையைக் கடித்தேன்.

"இங்கதான வலிக்கு?"

"ஆமாங்க. நரம்பு பெசகிப் போச்சுங்களா?"

"நரம்பு இல்ல சார். கெண்டைச் சதைய குதிகால் எலும்போட கட்டி வச்சிருக்க நார். அதுவரைக்கும் சேருலயே உக்காந்திருந்துட்டு திடீர்னு வெறுங்கால்ல எட்டு கிலோமீட்டர் நடந்தா அது என்ன செய்யும்? கோவப்படத்தான் செய்யும்."

நான் சேரிலேயே உட்கார்ந்திருக்கும் சூப்பர்வைசர் என்பது என் காலைத் தொட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மருந்து ஊசி எதுவும் இல்லை. ஒரே ஒரு பயிற்சி. படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நிற்க வேண்டும். இரண்டு காலாலும் எம்பி எழ வேண்டும். பிறகு நல்ல காலைத் தூக்கிக்கொண்டு, வலிக்கிற காலில் மட்டும் எடையைப் போட்டு, குதிகாலைப் படிக்குக் கீழே மெதுவாக இறக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பதினைந்து. அப்படி மூன்று முறை. காலையில், மாலையில். பன்னிரண்டு வாரம். அதுவரை வெறுங்காலில் நடக்கக் கூடாது. குதிகால் பக்கம் கொஞ்சம் உயரமான ஷூ போட வேண்டும்.

"பன்னெண்டு வாரமுங்களா? பூசத்துக்கு ஏழு வாரந்தானுங்களே இருக்குது."

"எறும்பு ஊரக் கல்லும் தேயும் சார். மெதுவாத்தான் சரியாகும்" என்றாள்.

அவள் சொன்னது பழமொழி. என் காதில் விழுந்தது டார்கெட். வீட்டுக்கு வருகிற வழியிலேயே மனக்கணக்குப் போட்டுவிட்டேன். ஒரு நாளைக்குத் தொண்ணூறு. பன்னிரண்டு வாரத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூற்று அறுபது. மொத்த ஆர்டர் அவ்வளவுதான். இதை எண்பத்து நான்கு நாளில் முடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? இரட்டை ஷிஃப்ட் போட்டால், நாளைக்கு நூற்றெண்பது வீதம், நாற்பத்திரண்டே நாளில் ஆர்டர் முடிந்துவிடும். ஒரு வாரம் கையிருப்பு வேறு. முப்பது வருஷமாக இதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். தேதியை நெருக்கினால் ஓவர்டைம் போடு. இதற்காக அந்தப் பெண் ஐந்து வருஷம் படித்திருக்கிறாளே என்று உண்மையாகவே இரக்கப்பட்டேன்.

காலையில் வீட்டு வாசற்படி. மதியம் சாப்பாட்டு வேளையிலும் நான்கு மணி டீ இடைவேளையிலும் கம்பெனி மாடிப்படி. ராத்திரி மறுபடி வாசற்படி. ஆறாம் வகுப்பு நோட்டுப் புத்தகம் ஒன்றில், மணிக்கு மணி புரொடக்‌ஷன் எழுதுகிற மாதிரி, கட்டம் போட்டு நிரப்பினேன். டார்கெட் ஒரு கட்டம், ஆனது ஒரு கட்டம்.

கம்பெனி மாடிப்படியில் ஒரு சிக்கல் இருந்தது. படிக்கும் இரண்டாவது லைனுக்கும் நடுவே, படியில் நிற்கும் என் நெற்றி உயரத்துக்கு ஒரு சுவர். நான் படியில் நிற்பது லைனில் உட்கார்ந்து தைப்பவர்களுக்குத் தெரியாது. நான் எம்பும்போது சுவருக்கு மேலே என் தலை மட்டும் வரும். மெதுவாக இறங்கும்போது என் கண்கள் லைனைப் பார்த்தபடியே மறையும். வலியில் பல்லைக் கடித்திருப்பேனாதலால் முகமும் பார்ப்பதற்கு நன்றாக இருக்காது. டீ குடித்துவிட்டு இரண்டு நிமிஷம் அரட்டை அடிக்கும் டெய்லர்கள் என் தலையைக் கண்டதும் மெஷினுக்கு ஓடினார்கள். ஒரு வாரத்தில் இரண்டாவது லைனின் புரொடக்‌ஷன் கூடிவிட்டது. பீகாரிலிருந்து வந்த ஓவர்லாக் டெய்லர் ஒருத்தன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, "சாப், கேமரா கராப்?" என்று கேட்டான். கேமரா கெட்டுப்போனதால் நானே நேரில் எட்டிப் பார்க்கிறேன் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பதினெட்டாவது நாள். நோட்டில் மூவாயிரத்து அறுபது ஏறியிருந்தது. அன்று காலையில் கட்டிலைவிட்டு இறங்கினேன், இறங்கிய வேகத்தில் மறுபடி உட்கார்ந்தேன். குதிகாலுக்கு மேலே வீங்கி, தொட்டால் சுட்டது. காலை அசைத்தால் உள்ளே ஏதோ உரசுவது விரலுக்குத் தெரிந்தது. பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர ஒரு யுகம் ஆயிற்று.

பிசியோ நோட்டை வாங்கிப் பார்த்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"இது என்னது சார், நூத்தி எம்பது?"

"ஓ.டி. போட்டனுங்க."

அவள் நோட்டை மூடி வைத்தாள். சிரிப்பை அடக்குகிறாளா கோபத்தை அடக்குகிறாளா என்று தெரியவில்லை. பிறகு, "சார், பயிற்சி செய்யும்போது நாரு பலமாகுறது இல்ல. செஞ்சு முடிச்சு சும்மா விடுதீங்கள்ல, அப்பதான் பலமாகும். நீங்க சும்மாவே விடல" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இது எனக்குத் தெரிந்த விஷயம். சுருட்டி வந்த பனியன் துணியை உடனே வெட்டக் கூடாது. பிரித்து மேசைமேல் தளர்த்திப் போட்டு ஒரு நாள் வைத்திருக்க வேண்டும். இழுவிசை போய்த் துணி தன் அளவுக்கு வந்த பிறகுதான் கத்தி வைக்க வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் தைத்த சட்டை சுருங்கிப் பிள்ளைச் சட்டையாகிவிடும். இதற்காகக் கட்டிங் மாஸ்டரை நான் திட்டாத மாதம் கிடையாது. துணிக்குக் கொடுத்த ஒரு நாளை என் காலுக்கு நான் கொடுக்கவில்லை. பதறாத காரியம் சிதறாது என்பதை அடுத்தவனுக்குச் சொல்லியே பழகிவிட்டேன்.

"பூசத்துக்கு நடக்கலாமுங்களா?"

"முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும் சார். பூசத்துக்குள்ள ஒரு கிலோமீட்டர், ஷூ போட்டு. அதுக்கு மேல நான் பொறுப்பில்ல."

நான்கு நாள் இதை வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமலேயே நொண்டினேன். அவள் பச்சைச் சேலையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். பக்கத்தில் எனக்கென்று வாங்கிய புதுப் பச்சை வேட்டி, கடைத்தாள்கூடப் பிரிக்காமல் இருந்தது.  ஐந்தாம் நாள் சாயங்காலம் அவள் வேலைவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தபோது, பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏழாயிரத்து ஐந்நூற்று அறுபதையும் சொன்னேன். என் தலையைப் பார்த்து டெய்லர்கள் ஓடியதையும் சொன்னேன். அந்த இடத்தில் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"என்னால நடக்க முடியாது. இந்தத் தடவ பொய்யில்ல" என்றேன்.

"காலக் காட்டுங்க."

காட்டினேன். அவள் எங்கே நோகிறது என்று கேட்கவே இல்லை. ஆள்காட்டி விரலை நேராகக் கொண்டுபோய், எலும்புக்கு மேலே இரண்டு விரற்கடை தள்ளி, அந்த இடத்திலேயே வைத்தாள்.

"இங்கதானுங்க. காலைல எந்திரிச்சதும் மொதப் பத்தடி உசுரு போகும். அப்பறம் ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். சாயந்தரம் படி எறங்கறப்ப மறுக்கா வரும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்கு ரெண்டு கால்லயும் இருக்குதுங்களே."

"எப்ப இருந்து?"

அவள் யோசித்தாள். "பாப்பா ஒம்பதாவது படிக்கறப்ப இருந்துங்க."

மகள் படிப்பை முடித்துக் கோயமுத்தூரில் வேலைக்கே போய்விட்டாள். நான் மனசுக்குள் வருஷங்களை எண்ணினேன். அத்தனை வருஷமும் இவள் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்திருக்கிறாள். அத்தனை வருஷமும் வெறுங்காலில் பழனிக்கு நடந்திருக்கிறாள். அத்தனை வருஷமும் காலையில் எனக்கு முன்னால் எழுந்து, அந்த முதல் பத்தடியை நான் தூங்கும்போதே நடந்து முடித்திருக்கிறாள்.

"ஏன் சொல்லவே இல்ல?"

"நீங்க ஷிப்மென்ட்டுல இருந்தீங்க" என்றாள்.

குத்தலாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்கிற மாதிரிதான் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தும் தெரியவில்லை, அவள் விரலை வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு குதிகாலுக்காகக் கட்டிங் செக்‌ஷன், அயர்னிங் செக்‌ஷன், இரண்டாவது லைன் எல்லாரையும் வேலை வாங்கியவன் நான்.

மறுநாள் அவளைப் பிசியோவிடம் கூட்டிப் போனேன். வரமாட்டேன் என்று வழியெல்லாம் முரண்டு பிடித்தாள். பிசியோ இரண்டு கால்களையும் அழுத்திப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்களுக்கு சாரவிட ரொம்ப மோசமா இருக்கு. நாரு தடிச்சே போச்சு" என்றாள். இவள் "அப்படிங்களா" என்றாள், பக்கத்து வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்ட மாதிரி. நடைப்பயணம் வேண்டாம் என்றாள் பிசியோ. இவள் முடியாது என்றாள். இருவரும் ஒரு மணி நேரம் பேரம் பேசினார்கள். ஷூ போட வேண்டும், பாதி தூரம் டெம்போவில் வர வேண்டும், நின்ற இடத்திலெல்லாம் பத்து நிமிஷம் ஐஸ் வைக்க வேண்டும் என்று முடிந்தது.

"சாமிக்கு நடக்கறப்ப ஷூவுங்களா?" என்று வெளியே வந்து என்னிடம் முணுமுணுத்தாள்.

"முருகரு மயில்லதான போறாரு. அவரு என்ன நடந்தா போறாரு?" என்றேன். அதற்குத்தான் அந்த இரண்டு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

அப்புறம் தினமும் வாசற்படியில் இரண்டு பேரும் சேர்ந்து நின்று எம்பி இறங்கினோம். பதினைந்துக்கு மேல் ஒன்று போகவிடமாட்டாள். செக்கிங் கண் அல்லவா.

பூசத்துக்கு மூன்று நாள் முன்னால் கூட்டம் கிளம்பியது. நான் டெம்போவில், அரிசி மூட்டைக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவில். அவள் நடந்தாள். தினமும் அவள் நடக்கிற பகுதி முடியும் இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் டெம்போவை நிறுத்தச் சொல்லி இறங்கி, எனக்கு அனுமதித்த அந்த ஒரு கிலோமீட்டரை அவளோடு நடப்பேன்.  அவள் என் வேகத்துக்குக் குறைத்து நடந்தாளா, நான் அவள் வேகத்துக்கு நடந்தேனா, இன்னமும் தெரியவில்லை.

இரண்டாம் நாள் மதியம், தாராபுரம் தாண்டி, ரோட்டோரம் ஒரு வேப்பமரத்தடி. மோர்ப்பந்தல் பக்கத்தில் பால் ட்ரே ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அவளை உட்கார வைத்தேன். நான் கீழே மண்ணில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, அவள் பாதத்தை என் மடிமேல் எடுத்து வைத்து, பழைய பனியன் துணியில் ஐஸைச் சுற்றி ஒற்றினேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள். "எல்லாரும் பாக்கறாங்க, விடுங்க" என்றாள். பார்க்கத்தான் பார்த்தார்கள். எங்கள் கம்பெனியிலிருந்து பழனிக்கு நடக்கும் கூட்டமும் அந்த நேரத்திலா வந்து சேர வேண்டும். இரண்டாவது லைன் டெய்லர்கள் மோரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நின்றார்கள். கட்டிங் மாஸ்டர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். நான் மறுபடி பாதத்தை எடுத்து மடியில் வைத்தேன். குதிகால் முழுக்க வெடிப்பு. அந்தக் காலை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

வழியே போன ஒரு பெரியவர், காவடியைத் தோள் மாற்றிக்கொள்ள நின்றவர், எங்களையே பார்த்தார். ஆம்பிளை பொண்டாட்டி காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருப்பதற்கு ஏதாவது காரணம் வேண்டுமல்லவா.

"ஏனுங்க, வேண்டுதலுங்களா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

அவர் தலையசைத்து, எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவள் அதற்குப் பிறகு காலை இழுத்துக்கொள்ளவில்லை.